முட்டி அளவு

கலைவாணி மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி மறுபடியும் சுவரில் அறைந்தாள். முகத்தில் தெறித்தது, கண்ணில் பட்டு எரிந்தது. துடைக்க நேரமில்லை.

கோடு போகவில்லை.

முட்டி உயரத்தில், கூடத்துச் சுவர் நாலு பக்கமும் சுற்றி ஓடியது அந்தப் பழுப்புக் கோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் நின்ற தண்ணீர் விட்டுவிட்டுப் போனது. சுண்ணாம்பு காய்ந்தால்தான் வெளுக்கும். ஈரத்தில் கறை முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். காயவோ வழியில்லை. புரட்டாசிக் கடைசிப் புழுக்கம், வெளியே வானம் சாம்பல் கரைத்து ஊற்றினது போல இறங்கிக் கிடந்தது.

"அந்த விசிறியை இப்படித் திருப்புங்க!" என்று கத்தினாள்.

புருஷன் ஜெயக்குமார் மேசை விசிறியைத் தூக்கிச் சுவரைப் பார்க்க வைத்தான். பட்டு இழையை அறாமல் முடிச்சுப் போடுகிறவன், விசிறி ஒயரை மிதித்துத் தடுமாறினான். காலையிலிருந்தே அவன் கை அவன் சொன்னபடி கேட்கவில்லை.

போன் அடித்தது. வீட்டுச் சொந்தக்காரர் சிவராஜ்.

"கலைம்மா, பேங்க் ஆளு பூக்கடைச் சத்திரம் தாண்டிட்டான். நான் வரலை, நான் இருந்தா சந்தேகப்படுவான். ஒரே பேச்சா நில்லுங்க. தண்ணி வந்ததே இல்ல. இந்த லோன் விழலைன்னா என்னைக் கேக்காத. குடோனுக்குக் கேட்டவன் வாசல்லயே நிக்குறான்."

கலைவாணிக்கு அதை யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்கள் சரிந்து சரிந்து கடைசியில் ஆற்றங்கரையில் முட்டி நிற்கிற இடத்தில் இருந்தது அந்த ஓட்டு வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை. கூடத்தின் நடுவில் தறி, தறிக்குக் கீழே இடுப்பளவு குழி. அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். வீடு கைவிட்டுப் போனால் வேறு வீடு வாடகைக்குக் கிடைக்கலாம். தரையைத் தோண்டிக் குழி வெட்டிக்கொள் என்று சொல்கிற வீட்டுக்காரன் கிடைக்க மாட்டான். அதனால்தான் வீட்டையே விலைக்கு வாங்க அவளே பேங்குக்கு நடந்தாள், அவளே பேசினாள். வீடும் அவள் பேரில்தான் வரப்போகிறது.

"எல்லாரும் கேட்டுக்கங்க," மட்டையை ஓங்கிக்கொண்டு சொன்னாள். "தண்ணி வந்துச்சான்னு கேட்டா இன்னா சொல்லணும்?"

"வரலை," என்றான் ஜெயக்குமார்.

"மாமா?"

ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மாமனார் வீரபாகு ராட்டையை நிறுத்தாமல் தலையாட்டினார்.

"தலையை ஆட்டினா ஆவுமா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"வரலைமா, வரலை. வேகவதியா? அது எந்த ஊர்ல இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. போதுமா?"

அடுப்படியிலிருந்து மாமியார் தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். கையில் சல்லிக்கரண்டி. வருகிறவனுக்காக வெங்காயப் பக்கோடா. "என்னை எதுவும் கேக்க மாட்டான்டி. பொம்பளைகிட்ட எவன் வந்து கேக்குறான்?"

வெளியே பைக் நின்றது.

கலைவாணி வாளியைத் தூக்கிப் பின்கட்டுக்கு ஓடினாள். கூடத்து மூலையில் விட்டத்திலிருந்து தொங்கிய தூளியில் அபி தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று வயசாகியும் தூளி இல்லாமல் தூங்காத பிள்ளை. ஓடும்போது இடித்ததில் தூளி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

வந்தவன் பெயர் ஆனந்தகுமார். ஈரோட்டுப் பக்கத்துக்காரன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தீப்பெட்டி மாதிரி ஒரு அளக்கிற கருவி. அதை வைத்தால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், அளவு தானாக வரும். மரியாதையான ஆள். பக்கோடாத் தட்டை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாங்க. பார்க்க வந்த வீட்ல தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு ஆர்டருங்க."

"தண்ணியா? இங்க தண்ணியே கிடையாது சார்," என்றாள் கலைவாணி அவசரமாக.

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு ஈரச் சுவரைப் பார்த்தான். விசிறி சுவருக்குக் காற்று வீசிக்கொண்டிருந்ததையும் பார்த்தான்.

"வெள்ளை அடிச்சீங்களா?"

"தீபாவளி வருதில்ல சார்."

"சரிங்க. வெள்ளம் வந்ததுங்களா?"

"வரவே இல்ல..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து வந்தது குரல்.

"முட்டி அளவு," என்றார் வீரபாகு.

ராட்டை நின்றிருந்தது. கலைவாணி திரும்பி முறைத்தாள். கிழவர் வாய் திறந்தபடி இருந்தது. தும்மல் வந்த மாதிரி, தன்னையறியாமல் வந்துவிட்டது அந்தச் சொல்.

"வந்துச்சுங்களா, வரலைங்களா?"

"வரலை," என்றான் ஜெயக்குமார். உடனே, "வந்துச்சு. முட்டி அளவு," என்றான்.

கலைவாணி தன் கையைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து கை தோல் உரிய வெள்ளை அடித்தது இதற்காகவா?

கதவோரம் எதிர்வீட்டு லோகாம்பாள் வேறு வந்து நின்றாள், வேடிக்கை பார்க்க. ஆனந்தகுமார் அவளிடமே கேட்டான். "ஏனுங்கம்மா, இந்தத் தெருவுல வெள்ளம் எவ்வளவு வந்ததுங்க?"

"முட்டி அளவு சார்," என்றாள் லோகாம்பாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

ஆனந்தகுமார் சிரித்தான். "இந்த வாரத்துல இந்தத் தெருவுல இது எனக்கு நாலாவது வீடுங்க. நெட்டையா ஒருத்தர், குட்டையா ஒருத்தர், எல்லாருக்கும் ஒரே முட்டியா இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

அவனே தொடர்ந்தான். "பயப்படாதீங்க. முட்டி அளவுன்னா பிரச்சனையே இல்லைங்க. தரையைக் கொஞ்சம் உசத்தணும், வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும், அவ்வளவுதான். ஆத்துப் பக்கத்துல வீடு வாங்குறவங்களுக்கு நாங்க லோன் தராமலா இருக்கோம்?"

கலைவாணிக்குத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. லோன் விழுந்துவிடும். உண்மையைச் சொன்னாலே விழுந்துவிடும். இது தெரியாமல் ஒரு வாளிச் சுண்ணாம்பு வீண். வாயில் சிரிப்பு வந்து முட்டியது.

அப்போதுதான் ஆனந்தகுமார் தலையைத் தூக்கினான்.

"மேல அந்த ஓடு மட்டும் ஏங்க புதுசா இருக்குது?"

தறிக்கு நேர் மேலே, கருத்துப்போன பழைய நாட்டு ஓடுகளுக்கு நடுவில், இரண்டு முறம் அளவுக்குச் சிவப்பாய்ப் புது ஓடு. கலைவாணிக்கு அது பழகிய விஷயம். அபியைப் பெற்றெடுத்து, ஐயம்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, ஐந்தாம் மாதம் குழந்தையோடு திரும்பி வந்த அன்றே கேட்டிருக்கிறாள்.

"தேங்கா விழுந்துச்சு," என்றான் ஜெயக்குமார், அன்று அவளிடம் சொன்னதையே.

"குரங்கு," என்றார் வீரபாகு அதே நேரத்தில். "ஏகாம்பரநாதர் கோயில் குரங்கு சார். ஓட்டைப் பிரிச்சுப் போட்டுடுச்சு."

அடுப்படியிலிருந்து தில்லையம்மாள், "புயல்," என்றாள்.

ஆனந்தகுமார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தென்னை மரம் எங்கங்க?" என்று கேட்டான் ஆனந்தகுமார்.

கலைவாணி வாசலைப் பார்த்தாள். தெருவிலேயே தென்னை இருப்பது ஒரே வீட்டில்தான். எதிர்ச்சாரியில், லோகாம்பாள் வீட்டுக் கொல்லையில். தேங்காய் கொல்லையிலிருந்து கிளம்பி, லோகாம்பாள் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, இவர்கள் கூரையில் வந்து விழ வேண்டும். இந்த மூன்று வருஷமும் அவள் இதை நினைத்தே பார்த்ததில்லை.

லோகாம்பாள் அங்கே இல்லை. எப்போது நழுவினாளோ.

ஆனந்தகுமார் தறியைச் சுற்றிவந்து, ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எதையோ உற்றுப் பார்த்தான். "அங்க ஒரு நூல் சிக்கியிருக்குது பாருங்க. சிவப்பா."

ஒரு பட்டு இழை. அரக்கு நிறம். விசிறிக் காற்றுக்கு மெல்ல ஆடியது.

"குருவி," என்றான் ஜெயக்குமார். "கூடு கட்ட எடுத்துக்கினு போவும்."

ஆனந்தகுமார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் கலைவாணியைப் பயமுறுத்தியது. டேப்லெட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வீடு உங்க பேர்லதானுங்கம்மா? அப்ப நீங்கதான் கையெழுத்துப் போடணும். தண்ணி இவ்வளவுதான் வந்ததுன்னு. நீங்க எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவுதான் நான் போடுவேன். ஆனா ஒண்ணுங்க. நாளைக்கு வெள்ளம் வந்து வீடு போயிடுச்சுன்னா, இன்சூரன்ஸ்காரன் வந்து இதைத்தான் முதல்ல பார்ப்பான். பொய்னு தெரிஞ்சா தர மாட்டான். வீடும் இருக்காது, லோன் மட்டும் உங்க தலையில நிக்கும்." செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "நான் கரையைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள வீட்ல ஒருதரம் பேசிக்கங்க. ஒரே பேச்சா."

அவன் தெருமுனை திரும்புகிறவரை அவள் வாசலில் நின்றாள். திரும்பி உள்ளே வந்தபோது ஜெயக்குமார் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து மிதியை அழுத்திக்கொண்டிருந்தான். தடக், தடக் என்று தறி சத்தம் போட்டது. பேச விருப்பமில்லாதபோதெல்லாம் அவன் ஒளிந்துகொள்கிற இடம் அது.

"இன்னாங்க இது? தேங்கா எப்படி ரோடு தாண்டி வந்துச்சு?"

தடக். தடக்.

"உங்களைத்தான் கேக்குறேன். நீங்க தேங்காய்ன்றீங்க, மாமா குரங்குன்றாரு, அத்தை புயல்ன்றாங்க. ஒரு ஓட்டைக்கு மூணு கதையா?"

"வேலை இருக்குது கலை. தறியில ஏத்தின பாவு முடியணும்."

"பாவு கிடக்கட்டும்!"

ஒரு இழை அறுந்தது. ஜெயக்குமார் குனிந்து முடிச்சுப் போட்டான், முடிச்சு நிற்கவில்லை. எச்சில் தொட்டு மறுபடி முறுக்கினான். மறுபடியும் நிற்கவில்லை.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"இன்னாத்தம்மா சொல்றது? குரங்குன்னா குரங்குதான்," என்ற வீரபாகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு நடந்தார். ராட்டையில் தார் பாதியில் நின்றது. அந்த மனுஷன் பாதித் தாரை விட்டுவிட்டு எழுந்து அவள் பார்த்ததே இல்லை.

கலைவாணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நினைவில் இருந்த வெள்ளம் ஒரு போன்தான். ஐயம்பேட்டையில், பிரசவமாகி வந்த புதிது. விடாத மழை, கரன்ட் இல்லை, பஸ் இல்லை. ஊர்க்காரர்கள் வேகவதி உடைத்துக்கொண்டது என்கிறார்கள். அவளுக்கு உயிரே இல்லை. போன் போட்டுப் போட்டு, கடைசியில் ஒருதரம் லைன் கிடைத்தது. எதிர்முனையில் மேளம் கொட்டினது போல மழைச் சத்தம். "எங்க இருக்கீங்க?" என்று அலறினாள். "வாசல்ல நிக்குறேன் கலை. ஒண்ணும் இல்ல. தண்ணி முட்டி அளவுதான். நீ குழந்தையைப் பாரு," என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

முட்டி அளவு. சுவரிலும் அதே முட்டி அளவில்தான் கோடு இருக்கிறது. அப்புறம் ஏன் ஓட்டைப் பற்றிப் பொய்?

அடுப்படிக்குப் போனாள். எண்ணெயில் பக்கோடா கருகிக்கொண்டிருந்தது. தில்லையம்மாள் அதை எடுக்காமல் கரண்டியோடு நின்றாள்.

"அத்தை. என் பேர்ல கையெழுத்து. நாளைக்கு ஏதாவது ஆனா என் தலை, அபி தலை. சொல்லிடுங்க."

"நான் இன்னாத்தைடி சொல்றது."

"புயல்னீங்களே, எந்தப் புயல்? பேர் இன்னா?"

தில்லையம்மாள் அடுப்பை அணைத்தாள். கருகின வெங்காய வாசம் சுண்ணாம்பு நெடியோடு கலந்தது.

"சூடம் அணைச்சிருக்காங்கடி," என்றாள் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "இந்தத் தெரு ஆம்பளைங்க அத்தனை பேரும். கெங்கையம்மன் கோயில் வாசல்ல சூடத்தை ஏத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணிக்கினாங்க. யாரு கேட்டாலும் முட்டி அளவுன்னுதான் சொல்லணும்னு. பொண்டாட்டிகிட்டயும்தான், பெத்த புள்ளகிட்டயும்தான்."

"எதுக்கு?"

"எதுக்கா? வெள்ளம் வடிஞ்சதும் ஆபீசருங்க வந்து ஆத்தோரம் வீடு வீடா எழுதிக்கினு போனாங்க. பேர் எழுதினவங்களை எல்லாம் எங்கயோ தூரமா மாடி வீட்ல கொண்டுபோய் வெச்சிட்டாங்க. பக்கத்துத் தெரு போச்சு, தெரியும்ல? நல்ல வீடுதான், குழாயைத் திருப்பினா தண்ணி வருது. ஆனா மூணாவது மாடியில போய்த் தறிக்குழி வெட்டுவியா நீ? வெட்டினா கீழ்வீட்டுக்காரன் சோத்துத் தட்டுலதான் காலு தொங்கும்."

கலைவாணிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"அப்படின்னா... முட்டி இல்லையா?"

"முட்டியும்தான் வந்துச்சு. வடியும்போது முட்டி அளவுல வந்து நின்னுக்கினு, போவமாட்டேன்னு ரொம்ப நாள் கிடந்துச்சு. நின்ன தண்ணிதான் கறை விடும். அதுக்கு முன்னால வந்தது ஒரே ராத்திரி. வந்துச்சு, ஏறிச்சு, இறங்கிப்போச்சு. மேல லேசாதான் தடம் இருந்துச்சு. நீ குழந்தையோட வர்றதுக்குள்ள இவன் வெள்ளை அடிச்சு மறைச்சிட்டான். இன்னிக்கு நீ கீழ அடிக்கிறியே, அதே மட்டை."

"எதுவரைக்கும் அத்தை?"

தில்லையம்மாள் வாசலைப் பார்த்தாள். தறிச் சத்தம் நின்றிருந்தது.

"சத்தியம் பண்ணது ஆம்பளைங்க. என்னை யாரும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா நானும் போயி அணைச்சிருப்பேன், அது வேற." சல்லிக்கரண்டியைத் தூக்கினாள். எண்ணெய் சொட்டச் சொட்ட அது கூடத்தின் மூலையை, தூளியை, தூளிக்கு மேலே விட்டத்தைக் காட்டியது. "அங்க தூளிக்கு முடிச்சுப் போட்டிருக்குற பாரு. அந்த முடிச்சுக்கு மேல."

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். தூளிக் கயிறு விட்டத்தில் இறுகியிருந்தது. அவள் கையை உயர்த்தி எக்கினாலும் எட்டாத உயரம். கட்டிக்கொடுத்தது ஜெயக்குமார்தான்.

"ஓட்டை உள்ளயிருந்து தலையால முட்டி உடைச்சான் என் புள்ள. முதலாளி கல்யாணச் சேலைக்குக் குடுத்த அரக்குப் பட்டுப் பாவு தறியில இருந்துச்சு. அதைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கினு, என்னையும் உங்க மாமனையும் அந்த ஓட்டை வழியாத்தான் இழுத்து மேல ஏத்தினான். குரங்காம், குரங்கு. நான்தான் அந்தக் குரங்கு."

தூளியில் அபி புரண்டது. முடிச்சு லேசாகக் கிரீச்சிட்டது.

வாசலில் பைக் வந்து நின்றது.

"பேசிட்டீங்களாம்மா?" ஆனந்தகுமார் செருப்பைக் கழற்றினான். டேப்லெட் திறந்திருந்தது. "கரை நல்லாத்தான் கட்டியிருக்காங்க. அப்ப முட்டின்னே போட்டுடட்டுங்களா? இங்க விரலால கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஜெயக்குமார் குழியிலிருந்தபடியே அவளைப் பார்த்தான். இடுப்புவரை தரைக்குள் நிற்கிற மனுஷன், கண் மட்டும் கெஞ்சியது. வாசலுக்கு வெளியே வீரபாகு, அவருக்குப் பின்னால் லோகாம்பாள், அவளுக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. தெருவே நின்றது.

கலைவாணி விரலை நீட்டினாள். சுண்ணாம்பு காய்ந்து வெடித்த விரல். கண்ணாடிக்கு மேல் அது நின்றது, இறங்கவில்லை. போட்டால் வீடு. போடாவிட்டால் குடோன்காரன், மாடி வீடு, குழியில்லாத தரை. எது சரி, எது தப்பு, அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தூளி தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் தொங்குகிறது.

தூளியிடம் போய், தூங்குகிற பிள்ளையை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"சார். முட்டின்னு எழுதாதீங்க."

"பின்ன எவ்வளவுன்னு எழுதட்டுங்க?"

"எனக்குத் தெரியாது. நான் அன்னிக்கு இங்க இல்ல. எதிர்வீட்ல தேங்கா பறிக்க ஏணி வெச்சிருக்காங்க, எடுத்துக்கினு வரச் சொல்றேன். மேலயும் வெள்ளை அடிச்சிருக்குது. சுரண்டிப் பார்த்து நீங்களே அளந்துக்கங்க. எங்க வீட்டை மட்டும் அளங்க. மத்த வீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கலை!" என்று கத்தினான் ஜெயக்குமார்.

வெளியே லோகாம்பாள் தலையில் கை வைத்தாள். ஆனந்தகுமார் டேப்லெட்டை மெதுவாகத் தாழ்த்தினான். அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது.

முதலில் இரண்டு சொட்டு, பிறகு மொத்தமாக. ஓட்டின் மேல் மேளம் கொட்டினது போல இறங்கியது. வாசலில் நின்றவர்கள் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் நகரவில்லை.

கலைவாணி குழந்தையோடு அசையாமல் நின்று கேட்டாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வாசலில் பெய்கிற மழை இப்படிக் கொட்டாது. மண்ணில் விழுகிற மழைக்கு வேறு சத்தம்.

"இதுதான்," என்றாள். "அன்னிக்குப் போன்ல கேட்டது இதுதான்."

ஜெயக்குமார் குழியிலிருந்து ஏறி வந்தான். சத்தியம் பண்ணின உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"ஆமா. நான் வாசல்ல இல்ல கலை. ஓட்டு மேல உக்காந்துக்கினு இருந்தேன். இந்தத் தெருவே அன்னிக்கு ஓட்டு மேலதான் இருந்துச்சு." அவன் வெளியே நின்றவர்களைப் பார்க்கவில்லை, ஆனந்தகுமாரைப் பார்க்கவில்லை. "போன்ல புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. வாயில வந்ததைச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க. சூடம் அணைச்சதெல்லாம் அப்புறம். ஆபீசருக்கு இன்னா சொல்றதுன்னு பேச்சு வந்தப்ப, ஜெயக்குமார் பொண்டாட்டிகிட்ட சொன்னதையே சொல்லிடலாம்னு தெரு முடிவு பண்ணிச்சு. முட்டி அளவு முதல்ல உனக்குச் சொன்னதுதான்."